அவையச்சமும் வட்டக்களரியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியிலே தெற்கு நோக்கிச் செல்வோர் சிறிது நேரத்துள் நாவற்குடா என்னும் ஊரை அடைவர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டிற்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்நிலம். ஊரின் பெயரிலே நாவலும் இருக்கிறது, குடாவும் இருக்கிறது. குடாவைப் பற்றி இன்று யாம் பேசப் போவதில்லை. நாவலைப் பற்றி மட்டும் ஒரு சொல்.

நாவல் என்றதும் பழைய நூல்களைப் பயின்றோர்க்கு ஒரு வழக்கம் நினைவுக்கு வரும். முற்காலத்திலே சமயவாதம் புரிவோர் ஓர் ஊரை அடைந்தால், ஊர்வாயிலில் மணலைக் குவித்து, அதன்மேல் நாவற்கிளை ஒன்றை நட்டு வைப்பர். தம்முடன் வாதாட வல்லார் எவரேனும் உளராயின் அக்கிளையை வீழ்த்தலாம் என்பது அதன் கருத்து. குண்டலகேசி என்னும் பெண்ணொருத்தி இவ்வாறு ஊர்தோறும் நாவல் நட்டு வாது வென்று வந்தாள் என்றும், சாவத்தி நகரிலே புத்தர்பெருமானின் மாணாக்கராகிய சாரிபுத்தர் அவளுடைய வினாக்கள் அனைத்திற்கும் விடை கூறினார் என்றும், பின்னர்த் தாம் ஒரேயொரு வினாவைத் தொடுக்க அவள் விடையறியாது நின்றாள் என்றும் பௌத்த நூல்கள் கூறும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று அவள் பெயராலேயே வழங்கியது. அந்நூலின் பெரும்பகுதி மறைந்து சில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல அவைகளை வென்ற ஒருத்தி ஓர் அவையிலே சொல்லின்றி நின்றாள். ஆயினும் அந்த மௌனம் அவளுக்கு இழிவாக முடியவில்லை. அவள் அதன்பின் துறவு பூண்டு கற்கத் தொடங்கினாள். அவையிலே நா எழாமல் நிற்பது பேரிழிவு என்று எண்ணி, அந்த எண்ணத்தாலேயே வாழ்நாள் முழுவதும் வாய் திறவாது இருந்துவிடுவோர் நம்மிடையே பலர். அவர்களை மனத்திற் கொண்டே இன்றைய பேச்சு அமைகிறது. அவையச்சத்தை நம் முன்னோர் எவ்வாறு அறிந்திருந்தனர், அதனை எவ்வாறு தீர்த்தனர் என்பதே நம் பொருள்.

முதலில் இந்த அச்சத்தின் இயல்பைக் காண்போம். பலர் கூடிய இடத்தில் எழுந்து பேச வேண்டும் என்றவுடன் நெஞ்சு விரைந்து அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா வறள்கிறது, முழங்கால் நடுங்குகிறது, நன்கு அறிந்த செய்தியும் மறந்துபோகிறது. உடல்நூல் வல்லார் இதற்குக் காரணம் கூறுவர். ஆபத்தைக் கண்டபோது ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தம் செய்யும் அட்ரினலின் என்னும் சுரப்பு, அவையைக் கண்டபோதும் குருதியிலே கலக்கின்றது. காட்டிலே கரடியைக் கண்டவனுக்கும் மேடையிலே நூறு முகங்களைக் கண்டவனுக்கும் உடல் செய்யும் ஏற்பாடு ஒன்றே. தொல்காப்பியர் அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடம் நான்கு என வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அவையச்சம் இவற்றுள் நான்காவதன் பாற்படும் எனலாம். நம்மை மதிப்பிடும் உரிமையுடையோர் முன் நிற்கும்போது தோன்றும் அச்சம் அது.

இது கல்லாதார்க்கும் கோழைகட்கும் மட்டும் உரியது என்று எண்ணுதல் தவறு. உரோமாபுரியின் பெருநாவலராகிய சிசரோ கி.மு. 55ஆம் ஆண்டில் எழுதிய சொற்கலை நூலில், கிராசசு என்னும் தேர்ந்த பேச்சாளர் ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் தம் முகம் வெளிறுவதையும் உடல் முழுதும் நடுங்குவதையும் வெளிப்படையாகக் கூறுவதாகக் காட்டுகிறார். பேச்சின் அருமையை நன்கு உணர்ந்தவர்க்கே அச்சமும் மிகுதியாக உண்டு என்பது அங்கே கூறப்படும் கருத்து.

திருவள்ளுவர் இதனை நன்கு அறிந்தவர். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவர், அவையறிதலுக்கு ஒன்றும், அவை அஞ்சாமைக்கு ஒன்றுமாக மேலும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பேசத் தெரிதல் வேறு, யார் முன் பேசுகிறோம் என அறிதல் வேறு, அறிந்த பின்னும் அஞ்சாது பேசுதல் வேறு என்பது அவர் கருத்து. பகைவர் நடுவே சென்று இறக்கத் துணிவோர் பலர். அவை நடுவே சென்று அஞ்சாது நிற்போர் சிலர் என்று அவர் கூறுகிறார். கற்றும் அவைக்கு அஞ்சுபவர் கல்லாதவரினும் கடையர் என்னும் அளவுக்கு அவருடைய சொல் கடுமையாகிறது. ஔவையார் மூதுரையிலே இன்னும் ஒரு படி செல்கிறார். சபை நடுவே ஓலையைக் கொடுத்தால் அதனை வாசிக்க மாட்டாமல் நிற்பவனையே அவர் மரம் என்கிறார். காட்டிலே கிளைவிட்டு நிற்பவை நல்ல மரங்கள் அல்லவாம்.

கடுமையாகக் கூறியதோடு வள்ளுவர் அமையவில்லை, மருந்தும் கூறினார். அவையிலே எழும் வினாவுக்கு அஞ்சாது விடை கூறும்பொருட்டு, அளவை நூலை முறையறிந்து கற்க என்றார். கற்றார் முன் தாம் கற்றதைச் சொல்லுக. தம்மினும் மிகுதியாகக் கற்றாரிடமிருந்து எஞ்சியதைக் கேட்டுக் கொள்க என்றார். அதாவது, அவை கொடுக்கும் இடம் மட்டுமன்று, கொள்ளும் இடமுமாம் என்றார். இவை சிறந்த அறிவுரைகள். ஆயினும் கற்றவன் ஒருவன் அவையின் வாயிலிலே நடுங்கி நிற்கிறான். அவன் முதல் அடியை எடுத்து வைப்பது எவ்வாறு? இதற்கு விடை தேடின் நூல்களை விட்டு ஊர்களுக்குச் செல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே, கல்விக்கூடம் பல காணாத உழவரும் மீனவரும் தம் பிள்ளைகளை ஊர் முழுவதும் திரண்ட அவையிலே விடிய விடியப் பாடவும் ஆடவும் உரையாடவும் பழக்கி வந்தனர். அவர்கள் கையாண்ட முறையே கூத்து.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத இராமாயணப் போர்க்கதைகள் வடமோடியிலே பெரிதும் ஆடப்படும். காதலும் கற்பனையும் செறிந்த கதைகள் தென்மோடிக்கு உரியன. இவற்றின் ஆட்டமுறை, உடை, பாடல் ஆகியவற்றின் வேறுபாடுகளை அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பேராசிரியர் சு. வித்தியானந்தனும், அவர் வழியிலே வந்து மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் செய்த பேராசிரியர் சி. மௌனகுருவும் இத்துறையிலே முதன்மையானவர்கள். நாம் இங்கே காண விழைவது கூத்தின் அழகையன்று. ஒரு சாதாரண இளைஞன் கூத்தனாகும் வழியை.

வேளாண்மை வெட்டி முடிந்து ஓய்வு கிடைக்கும் காலத்தில் ஊர்ப்பெரியோர் கூடிக் கூத்துப் பழகத் தீர்மானிப்பர். அண்ணாவியார் அழைக்கப்படுவார். அவர் இளைஞரின் குரலையும் உடலமைப்பையும் ஆட்டத்தையும் பார்த்து, இன்னார்க்கு இன்ன பாத்திரம் எனத் தெரிவு செய்வார். நல்ல நாளிலே அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய பகுதி அவரவர் கையிலே கொடுக்கப்படும். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். இளைஞன் அன்றே தன் பொறுப்பை ஊரறிய ஏற்றுக்கொள்கிறான். ஆனால் அன்று அவன் எதனையும் ஆடிக் காட்ட வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்டாற் போதும்.

அதன்பின் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். முதலிலே தாளக்கட்டு, கால் தாளத்துக்கு அமையும் வரை வேறொன்றும் இல்லை. பின்னர்ப் பாட்டு. பின்னர் ஆட்டமும் பாட்டும் சேர்ந்து வரும். இந்நாட்களில் பார்ப்போர் சிலரே: உடன் ஆடுவோர், அவர்தம் உறவினர், வேடிக்கை பார்க்க வந்த சிறுவர். பிழைத்தால் அண்ணாவியார் நிறுத்துவார்; மீண்டும் தொடங்குவார். பிழை என்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அதற்காக ஒருவரும் எழுந்து போவதில்லை.

சில காலம் சென்றபின் சதங்கை அணியும் விழா வரும். ஊரவர் கூடியிருக்க, பழகுவோர் முதன்முறையாகக் காலிலே சதங்கை கட்டி ஆடுவர். அரங்கேற்றத்திற்குரிய முழுச் சோடனை இன்னும் வரவில்லை. ஊரின் கண்கள் முதன்முறையாக ஆடுவோர்மேற் படுகின்றன. ஆயினும் இது பழக்கத்தின் நடுவே வரும் ஒரு விழா என்பதை ஊரும் அறியும், அவர்களும் அறிவர். இதன் பின் கிழமைக் கூத்து. கிழமைக்கு ஒருமுறை, அதுவரை பழகியதை ஊரவர் பார்க்க ஆடுவர். கிழமைதோறும் பார்ப்போர் தொகை பெருகும். கிழமைதோறும் அச்சம் குறையும். அதற்குப் பின் அடுக்குப் பார்த்தல். கூத்து முழுவதையும் ஒழுங்காக ஆடிப்பார்க்கும் நாள் அது. இவை யாவும் முடிந்த பின்னரே அரங்கேற்றம். அதன் பின்னரும் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் உண்டு. பெற்ற துணிவு உறைந்து நிலைபெற அதுவும் உதவும்.

நேயர்களே, இப்படிகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஏற்றல், தனியே பழகல், சிலர் முன் பழகல், ஊர் முன் சிறிதளவு ஆடல், கிழமைதோறும் ஆடல், முழுவதையும் ஒத்திகை பார்த்தல், அரங்கேறல், மீண்டும் மீண்டும் ஆடல். அச்ச நோய்களுக்கு இக்கால உளநூல் மருத்துவர் கூறும் முறைகளுள் முதன்மையானது, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக, படிப்படியாக, திரும்பத் திரும்ப எதிர்கொள்ளச் செய்தலாகும். அஞ்சுவதைத் தவிர்க்குந்தோறும் அச்சம் வளரும். தாங்கக்கூடிய அளவிலே எதிர்கொள்ளுந்தோறும் அது தேயும் என்பர். அம்முறைக்கு நூற்பெயர் ஒன்றும் இடாமலே எங்கள் அண்ணாவிமார் அதனைச் செய்து வந்தனர்.

இனிக் களரியின் அமைப்பைக் காண்போம். மண்ணாலே சற்று உயர்த்திய வட்டமான மேடை. சுற்றிவரக் கால்கள் நாட்டி, மேலே வெள்ளை கட்டி, தோரணம் தொங்கவிட்டிருப்பர். நடுவிலே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். அவரருகே சல்லரியிலே தாளம் போடுபவர், பிற்பாட்டுக்காரர், ஏடு பார்ப்பவர் ஆகியோர் நிற்பர். அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவர். கூத்தரைச் சுற்றி ஊர் இருக்கும். இவ்வமைப்பிலே அச்சத்தைத் தணிக்கும் ஏற்பாடுகள் பல பொதிந்துள்ளன.

கூத்தன் ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அந்த இடைவெளியிலே அவன் மூச்சு வாங்குகிறான், அடுத்த அடியை நினைவுகூர்கிறான். மறந்துவிட்டால் ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். அவ்வாறு எடுத்துக் கொடுப்பதைச் சபை குறையாகக் கொள்வதில்லை. கூத்தின் ஒழுங்கிலேயே ஏடு பார்ப்பவர்க்கு ஓர் இடம் உண்டு. மறதி வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்ட அரங்கு அது.

கால் தடுமாறினால் மத்தளம் அவனை மீட்கும். அச்சம் கொண்டவனுடைய மூச்சும் பேச்சும் தாறுமாறாக விரைகின்றன. புறத்தேயிருந்து வரும் தாளம் அவ்விரைவை அடக்கி ஓர் ஒழுங்கிற்குக் கொண்டுவருகிறது. மேடையேறுமுன் மூச்சை ஆறுதலாக வெளியே விடுக என்று இன்று கற்பிக்கிறார்கள். வரவு ஆடும் கூத்தனுக்கு அந்த வேலையை மத்தளம் செய்துவிடுகிறது.

மன்னன் வருமுன் கட்டியகாரன் வருவான். வரும் மன்னன் இன்னான் என்று அவன் பாடி அறிவித்து அவையை ஆயத்தம் செய்துவிடுவான். அதன்பின் மன்னனாக வேடமிட்ட இளைஞன் பல முறை பழகித் தேர்ந்த வரவு ஆட்டத்துடன் களரிக்கு வருகிறான். மிகுந்த அச்சம் தொடக்கத்திலேயே தோன்றும் என்பதை நாம் அறிவோம். அத்தொடக்கத்திலே அவன் புதிதாக ஒன்றும் சிந்திக்க வேண்டியதில்லை. கால் தானே ஆடும். நா தானே பாடும். அவை தனக்கு இசைந்தது என அவன் உணரும் வேளையிலே வசனம் வருகிறது.

எல்லாவற்றிலும் மேலாக, களரியைச் சூழ்ந்திருப்போர் யாவர்? பெற்றார், அம்மான்மார், மாமிமார், மைத்துனர், உடன் வயலில் நின்றோர். அவர்களும் ஒரு காலத்திலே களரியில் ஆடியவர்கள், அல்லது ஆடியவர்களின் மக்கள். ஆடுபவன் வெல்ல வேண்டும் என்று விரும்பும் அவை அது. அவையறிதல் என்று வள்ளுவர் கூறியது பேசுவோன் அவையை அறிதலை. இங்கே அவையும் பேசுவோனை அறிந்திருக்கிறது.

அவையிலே பேசத் துணிதலின் பெருமையை இந்நாட்டு மக்கள் மற்றொரு வழியாகவும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசி மாதத்தில் நடைபெறும் சடங்குகளின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அதன் உச்சம் யாது? வீட்டின் எல்லைக்குள்ளே வாழ்ந்த ஒரு பெண், முன்பின் அறியாத நகரிலே, அரசவை நடுவே தனியே சென்று நின்று தன் வழக்கை உரைத்தமையே. கண்ணகி சொற்பொழிவு பழகியவள் அல்லள். அவளிடம் இருந்தவை இரண்டு: உண்மை ஒன்று, அவ்வுண்மைக்குச் சான்றாகக் கையிலே ஒற்றைச் சிலம்பு ஒன்று. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்னும் தெளிவான செய்தியோடு அவள் சென்றாள். சொல்ல வேண்டியது தெளிவாகவும் இன்றியமையாததாகவும் இருக்கும்போது நா தானே எழும் என்பதற்கு இதனினும் சிறந்த கதை வேண்டுமோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் நாட்டிற்குப் புதியதோர் அவை வந்து சேர்ந்தது. 1814ஆம் ஆண்டிலே வெசுலியன் மிசனைச் சார்ந்த வில்லியம் ஓல்ற் பாதிரியார் மட்டக்களப்பிற்கு வந்து பாடசாலை நிறுவினார். பாதிரிமார் கொண்டுவந்த பிரசங்கம் என்னும் முறையிலே ஒருவர் எழுந்து நிற்பார். ஏனையோர் வரிசையாக அவர் முன் அமர்ந்து கேட்பர். பிற்பாட்டு இல்லை, மத்தளம் இல்லை, ஏடு பார்ப்பவர் இல்லை. ஒருவர் தனித்து நின்று, தம் சொல்லாலே தாமே பேசும் மேடை அது. அதற்கு முன்னர் எங்கள் கோயில்களிலே புராண படனம் உண்டு. அங்கே ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். நடுவே நூல் இருக்கும். புதிய மேடையிலே அத்துணைகள் யாவும் நீங்கின. ஆகவே பழைய அச்சத்திற்குப் புதிய உருவம் வந்தது எனல் பொருந்தும்.

அந்தப் புதிய மேடையைத் தமிழுக்கு உரியதாக்கியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1847 டிசெம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே அவர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்பொழுது அவருக்கு வயது 25. அவர் தொடங்கிய முறையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு நாள் பெரிய அவை கூட்டிப் பேசி விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் என்று வகுத்து, நண்பர் கார்த்திகேய ஐயரும் தாமுமாக மாறி மாறிப் பேசினர். கிழமைக்கு ஒரு நாள், பழகிய ஊர், பழகிய கோயில், சுமையைப் பகிர ஒரு துணைவர். கிழமைக் கூத்தின் ஒழுங்கு இங்கே புதிய உருவில் அமைந்ததைக் காண்கிறோம். இரண்டாண்டு கழிந்து, 1849இல், திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது.

அவையச்சத்தின் வரலாற்றிலே காந்தியடிகளுக்கும் ஓர் இடம் உண்டு. தமிழருக்கும் அதிலே பங்குண்டு. இலண்டனிலே சட்டம் பயின்ற காலத்தில், மரக்கறி உணவாளர் சங்கத்திலே தாம் எழுதிக் கொண்டு சென்ற கருத்தைக்கூட அவரால் எழுந்து வாசிக்க முடியவில்லை, பிறர் வாசித்தனர். இந்தியா திரும்பிப் பம்பாயிலே முதல் வழக்கில் சாட்சியை வினாவ எழுந்தபோது தலை சுழன்றது. வினா ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தென்னாபிரிக்கா சென்று மூன்றாண்டு உழைத்த பின்னும் அச்சம் முற்றாக நீங்கவில்லை. 1896 செப்டெம்பரிலே பம்பாயில் நடந்த பெருங்கூட்டத்தில் அவர் குரல் எழவில்லை. தின்ஷா வாச்சா என்பார் அவ்வுரையை வாங்கி வாசித்தார்.

அடுத்த மாதம் அவர் சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் மண்டபத்திலே பேசினார். நீண்ட உரை, அச்சிட்டுக் கொண்டுவந்த உரை. அவையோர் ஒவ்வொரு சொல்லையும் கருத்தோடு கேட்டனர் என்று அவரே தம் வரலாற்றில் எழுதுகிறார். ஒரு மாதத்தில் நேர்ந்த மாற்றம் யாது? தேர்பன் நகரிலே எசமானனால் அடிக்கப்பட்டுப் பல் உடைந்து, இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலே பிடித்துக்கொண்டு அவர் முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளியின் செய்தியைச் சென்னை மக்கள் அறிந்திருந்தனர். பேசுவோரும் கேட்போரும் ஒரே துயரத்தின் இருபுறமும் நின்றனர். பேசுபவர் தம்மைப் பற்றி எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. கையிலே ஏடு இருந்தது. முன்னே உறவு கொண்டாடும் அவை இருந்தது. சொல்லியே ஆக வேண்டிய செய்தி இருந்தது. களரியின் துணைகளும் கண்ணகியின் சிலம்பும் ஒருங்கே வாய்த்தன எனலாம். தம் கூச்சமே தமக்குச் சொற்சுருக்கத்தைக் கற்பித்தது என்று பிற்காலத்தில் அவர் அதற்கு நன்றியும் கூறினார்.

மீண்டும் வாவிக்கரைக்கு வருவோம். நாவற்குடாவை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அதனை உருவாக்கிய சுவாமி விபுலானந்தர் காரைதீவிலே 1892இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். 1926இல் வெளிவந்த அவருடைய மதங்கசூளாமணி, செகசிற்பியாரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் மெய்ப்பாட்டியலையும் ஒருங்கு வைத்து ஆராய்கிறது. அச்சம், பெருமிதம், உவகை முதலியன உடலிலே எவ்வாறு தோன்றும் என்பது நாடகக்காரனின் கல்வி என்பதை அந்நூல் கற்றோர்க்கு மீண்டும் உணர்த்தியது.

மெய்ப்பாட்டை அறிந்தவர்க்கு ஓர் உண்மை புலப்படும். உடல் சிலிர்ப்பதும் நெஞ்சு விரைவதும் அச்சத்திலும் உண்டு, உவகையிலும் உண்டு. வேறுபாடு உள்ளம் அதற்கு இடும் பெயரிலே பெரிதும் தங்கியுள்ளது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இதனைச் சோதித்துக் கண்டது. பேசுமுன் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டோரினும், “நான் கிளர்ச்சியோடு இருக்கிறேன்” என்று கூறிக்கொண்டோர் நன்றாகப் பேசினர். அடிக்கும் நெஞ்சை அடங்கு என்பது அரிது. அது ஆட்டத்திற்கு முன் ஒலிக்கும் மத்தளம் எனக் கொள்ளுதல் எளிது.

சுவாமிகள் 1947இல் மறைந்தார். பின்னர் 1960களிலே பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தைப் புதிய மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் அரங்கேறிய கர்ணன் போருக்கு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து சில நாழிகைக்குச் சுருங்கியது. வட்டக்களரி ஒருமுக மேடையாயிற்று. ஆயினும் பல்கலைக்கழகத்து மாணவரும் அண்ணாவியாரிடம் தாளக்கட்டிலிருந்தே தொடங்கினர். அவர்களுட் பலர் பின்னாளிலே ஆசிரியராகவும் பேச்சாளராகவும் நாடகக் கலைஞராகவும் விளங்கினர். 1982இல் கல்லடியிலே சுவாமிகளின் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அழகியற் கற்கை நிறுவகமாக வளர்ந்தது. களரி மரபு இன்று அங்கே பல்கலைக்கழகப் பாடமாகவும் இருக்கிறது.

ஆனால் நம் பாடசாலைகளின் பேச்சுப் போட்டிகளைப் பாருங்கள். பெரியோர் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்த பிள்ளை, முதல் நாளிலேயே ஒலிவாங்கி முன் நிறுத்தப்படுகிறது. நடுவர் மூவர் எழுதுகோலுடன் இருக்கின்றனர். நடுவிலே ஒரு சொல் மறந்தால் எடுத்துக் கொடுப்பார் இல்லை, சிரிப்பார் உண்டு. அந்தப் பிள்ளை கண்ணீருடன் இறங்கி, இனி எக்காலத்தும் மேடையேறேன் என்று தன்னுள்ளே தீர்மானித்துக் கொள்கிறது. சட்டங் கொடுத்த அன்றே அரங்கேற்றம் வைக்கும் கூத்தை எந்த அண்ணாவியார் ஏற்பார்?

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. மேடையேறாமையால் ஒருவர் பரிசு ஒன்றை இழப்பதை யாம் கருதவில்லை. வாய் திறக்க வேண்டிய காலம் எல்லார்க்கும் ஒருநாள் வரும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் இந்தக் கரையைத் தாக்கிய பின், வீடிழந்தோர் அலுவலகங்கள்தோறும் சென்று தம் நிலையை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. போர் 2009இல் முடிந்தது; அடுத்த ஆண்டிலே கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு மட்டக்களப்பிலும் அமர்வு நடத்தியது. அதுவரை பொது அவையிலே ஒரு சொல்லும் பேசியறியாத தாய்மார், காணாமற்போன தம் பிள்ளைகளின் படங்களைக் கையிலே ஏந்தி நின்று பேசினர். வழக்குரை கேட்டு வளர்ந்த நாட்டிலே அது நிகழ்ந்தது. பேசத் துணிந்தோரின் சொல் பதிவாயிற்று. அச்சத்தால் வீட்டில் இருந்தோரின் சொல் அவர்களோடேயே இருக்கிறது. அவை அஞ்சாமை ஏன் அரசியல் பற்றிய பொருட்பாலிலே வைக்கப்பட்டது என்பது இப்பொழுது விளங்கும்.

ஆகவே களரியின் ஒழுங்கை நம் வகுப்பறைக்கும் மன்றங்களுக்கும் மீட்டுக் கொள்வோம். பேசப் பழக விரும்புவோர் முதலில் இரண்டொரு நண்பர் முன் பேசுக. பின் கிழமைக்கு ஒருமுறை கூடும் சிறு மன்றம் ஒன்றை அமைத்துக்கொள்க. வாசிகசாலையிலும் கோயில் மண்டபத்திலும் இது எளிதிலே கைகூடும். பேச்சு முழுவதையும் மனனம் செய்ய வேண்டா. தொடக்கத்தை மட்டும் வரவு ஆட்டம் போலப் பலமுறை பழகி வைத்துக்கொள்க. குறிப்பேடு கையில் இருப்பது இழுக்கன்று. அண்ணாவியாருக்கே ஏடு பார்க்க ஒருவர் உண்டு. எழுந்தவுடன் பேசத் தொடங்காது, மூச்சை ஒருமுறை ஆறுதலாக விட்டு, அவையிலே அன்புடைய முகம் ஒன்றைக் கண்டு அதனை நோக்கிப் பேசுக. யாவற்றினும் முன்னதாக, கையிலே உள்ள சிலம்பு யாது என்று தம்மைத் தாமே வினவுக. சொல்லியே தீர வேண்டிய செய்தி ஒன்று இருக்குமாயின் ஏனைய யாவும் அதன் பின்னே வரும்.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. இந்நாட்டிலே 1925இல் வானொலி தொடங்கிய நாள் முதல், கண்ணுக்குப் புலனாகாத அவையை நோக்கிப் பேசுவோர் பலர் இருந்திருக்கின்றனர். ஒலிவாங்கியின் முன் அமரும் எவருக்கும், எங்கோ ஒரு வீட்டிலே ஒருவர் விருப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் எண்ணமே துணை. அதே துணையை, அடுத்த முறை உங்கள் ஊரிலே ஒரு பிள்ளை எழுந்து நடுங்கிய குரலில் முதற் சொல்லைக் கூறும்போது நீங்களும் கொடுக்கலாம். அச்சொல் மறந்தால் சிரியாது, அடியெடுத்துக் கொடுங்கள்.